பாலே இல்லாத புள்ளியில் ஒரு பசு

எங்கள் அக்கா வீட்டுக்காரரை லேபில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'ஆகும்' என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை கொடுக்க நினைப்பவர்கள் 'ஆகும் சார்' என்பார்கள். யார் எதைக் குப்பையில் போடப் போனாலும் எங்கிருந்தோ ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார். "இருங்க, இருங்க, கழுவி வைங்க. எதுக்காவது ஆகும்" என்பார். அப்படி வந்த பட்டம் அது. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. பட்டத்தையும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

நானும் அதே லேபில்தான் இருக்கிறேன். பால், தயிர், சீஸ் எல்லாவற்றையும் பரிசோதிக்கும் இடம். ஜன்னல் வழியாகப் பாட்டில்களை வாங்கி, நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்புவதும், முடிவு வந்ததும் ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பதும் என் வேலை. வீட்டில் அவர் எனக்கு மாமா, லேபில் சார். அவரைப் பற்றி நான் எழுதினால் கேலி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பத்தொன்பது வருஷமாக அக்காவின் புலம்பலைக் காது கொடுத்துக் கேட்டு வருகிறவள் நான். அந்த உரிமை எனக்கு உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமா கஞ்சர் இல்லை. யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் கொடுத்துவிடுவார். ஒரு பொருளைத் தூக்கிப் போட மட்டும் அவருக்கு மனசு வராது. முடி உதிர்ந்த பல் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "பாவம், இது என்ன தப்பு பண்ணுச்சு?" என்று உண்மையாகவே கேட்பார். அக்கா வீட்டில் பற்பசைக் குழாயை நீளவாக்கில் கீறிப் பார்க்காமல் யாரும் புதுசு எடுக்க முடியாது. துணி போன குடை ஒன்று கதவுக்குப் பின்னால் வெறும் கம்பியோடு தொங்குகிறது. கேட்டால், "துணிதானே போச்சு, கம்பி நல்லாத்தானே இருக்கு?" என்பார். ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருக்கும் என்று நம்பி ஏமாந்த குழந்தைகள் எங்கள் உறவில் ஏராளம். திறந்தால் உள்ளே சின்ன டப்பா, அதற்குள் அதைவிடச் சின்ன டப்பா, அதற்குள் ஒரு மூடி. அந்த மூடி எந்த டப்பாவுக்கு என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழசைப் போட மாட்டார், புதுசை எடுக்க மாட்டார். கல்யாணத்துக்கு வந்த படுக்கை விரிப்பு இன்னும் கவர் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. "நல்ல நாளுக்கு எடுத்துக்கலாம்" என்பார்.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு நல்ல நாள் கூடவா வரலை?" என்று அக்கா ஒரு தடவை கேட்டாள்.

"வரும், வரும்" என்று சமாதானம் சொன்னார் மாமா. அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்று அவருக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

இப்படிப்பட்டவர் லேபில் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்ல வேண்டும். எங்களிடம் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின் இருக்கிறது. நாங்கள் அதைப் பீரங்கி என்போம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எஃகுப் பிளேட். அதில் தொண்ணூற்றாறு சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு துளி பால் வைத்து, அதன் மேல் படிகம் கட்டும் ஒரு திரவத்தை விட்டுக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் சர்க்கரை தூவியது போல மினுக்கும். பிளேட்டை உள்ளே தள்ளினால் மெஷின் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, லேசரால் ஒவ்வொரு புள்ளியாகச் சுடும். பாலில் உள்ள புரதங்கள் கிளம்பி ஒரு நீளக் குழாயில் பறக்கும். கனம் குறைந்தது முதலில் வந்து சேரும், கனமானது பின்னால் வரும். பசும்பால் புரதம் ஆட்டுப்பால் புரதத்தைவிட ஒரு இம்மி கனம் அதிகம். அந்த வித்தியாசத்தை வைத்து எந்தப் பாலில் எது கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

மாமா அதில் கெட்டிக்காரர், பொய் சொல்லக் கூடாது. தொண்ணூற்றாறு துளியும் ஒரே அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் வைப்பார். துளி வைப்பதைவிட அவருக்குப் பிடித்தது வேறு ஒன்று. சுட்டு முடித்த எஃகுப் பிளேட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, அதிரும் தொட்டியில் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முகம் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் பாட்டுக் கூட முணுமுணுப்பதுண்டு.

ஆனால் எத்தனை தேய்த்தாலும் எஃகில் கீறல் விழத்தான் செய்யும். கீறலுக்குள் போன வாரத்துப் புரதம் ஒளிந்துகொண்டு இந்த வாரத்துப் பாலில் எட்டிப்பார்க்கும். அதை லேபில் பேய் என்பார்கள். பேய்த் தொல்லை அதிகமானதும் லேப் தலைவி ஒரு முடிவு எடுத்தார். எல்லோரும் அவரை மேடம் என்போம். அதிகம் பேச மாட்டார், பேசினால் தப்பிக்க முடியாது. எஃகுப் பிளேட்டை மூட்டை கட்டிவிட்டு, யூஸ் அண்ட் த்ரோ பிளேட் வரவழைத்தார். அட்டை கனத்தில், மேலே பளபளக்கும் மெல்லிய பூச்சோடு, வட்டங்கள் அச்சடித்து வருபவை. பூச்சு ஒரு மாசம் கூடத் தாங்காது, ஒவ்வொரு கவரிலும் கடைசித் தேதி போட்டிருக்கும். ஒருமுறை சுட்டதும் போட்டுவிட வேண்டும்.

"சுட்டதும் சிவப்புக் குப்பைத்தொட்டி. கழுவக் கூடாது. புரியுதா சார்?" என்றார் மேடம்.

"புரியுது மேடம்" என்றார் மாமா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

முதல் நாள் நடந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமா பிளேட்டோடு சிவப்புத் தொட்டிக்கு முன்னால் நின்றார். காலால் மிதித்தார், மூடி திறந்தது. கையை நீட்டினார், விரல் விடவில்லை. காலை எடுத்தார், மூடி சாத்திக்கொண்டது. மறுபடி மிதித்தார். அந்த மூடி அன்று பதினோரு தடவை திறந்து மூடியது. கடைசியில் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேடத்திடம் போனார்.

"மேடம், தொண்ணூத்தாறுல பதினெட்டுதான் ஆச்சு. மீதி எழுபத்தெட்டும் சும்மா இருக்கு."

"இன்னைக்கே வேற சாம்பிள் இருந்தா வைங்க. நாளைக்கு வைக்கக் கூடாது."

"பின்பக்கம் முழுசா சும்மா இருக்கே மேடம்?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மாமா பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார். பிளேட் தொட்டிக்குப் போகவில்லை. கோட்டுப் பைக்குப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். டீ டம்ளரை எடுத்தால் அடியில் பிளேட். வெங்காயக் கூடையின் அடியில் பிளேட். துணி காயப்போடும் கம்பியில் நாலைந்து பிளேட்டுகள் நூலில் ஆடிக்கொண்டிருந்தன. புறா வராமல் இருக்கவாம். புறாக்கள் அதில் முகம் பார்க்க வரிசையில் நின்றன. பிள்ளைகள் ஒரு பிளேட்டின் தொண்ணூற்றாறு வட்டத்தில் பட்டனை நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மனுஷனை என்ன பண்றது, நீயே சொல்லு" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமா, இந்த பிளேட்டு வந்த கவர்ல என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேனே. ஒரு வட்டத்துக்குள்ள ரெண்டுன்னு போட்டு, குறுக்கால கோடு அடிச்சிருக்கு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"ரெண்டாவது தடவை கூடாதுன்னு."

"அப்புறம்?"

"மூணாவது தடவை பத்தி ஒண்ணுமே போடலையே" என்றார் மாமா, வெற்றிச் சிரிப்போடு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த மனுஷன் விளையாட்டாக எதையும் சொல்கிறவர் இல்லை என்பது அப்போது என் புத்திக்கு உறைக்கவில்லை.

நடந்தது இதுதான். மேடம் கூட்டத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்து, மாமா சுட்ட பிளேட்டுகளை அதிரும் தொட்டியில் போட்டுக் கழுவினார். கழுவியதோடு விடாமல், அதற்குச் சும்மா ஒரு தடவை ஈரம் காட்டி, அதையே இரண்டாம் தடவை என்று கணக்குக் காட்டிக்கொண்டார். பிறகு 'மூன்றாம் தடவை'க்குத் தயாரான பிளேட்டுகளைப் பழைய கவரில் போட்டுக் கிளிப் மாட்டி வைத்தார். தினமும் அதில்தான் பாலை வைத்துச் சுட்டார். புதுக் கவர்களை எல்லாம் அலமாரியில் பூட்டினார், நல்ல சாம்பிள் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று.

இது தவிர இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரு வட்டத்தில் பால் வைக்காமல், படிகத் திரவத்தை மட்டும் வைத்துச் சுட வேண்டும் என்பது விதி. அந்த வெறும் புள்ளியில் எதுவும் வரக் கூடாது. வந்தால் பிளேட்டில் பேய் இருக்கிறது என்று அர்த்தம். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நல்ல வட்டத்தைச் சும்மா வீணாக்குவதா என்று அதையும் விட்டுவிட்டார்.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கு வருவதில் பெரும்பாலும் பசும்பால். பசுவின் மேல் பசு விழுந்தால் யாருக்குத் தெரியும்? அப்போதுதான் ஆட்டுக்காரம்மா வந்தார்.

ஊருக்கு வெளியே பதினாலு ஆடு வைத்திருப்பவர் அவர். தானே பால் கறந்து, தானே சீஸ் செய்து, சைக்கிளில் வைத்து ஏழு கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். பசும்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் அதைத் தேடி வாங்குவார்கள். அதனால் கடைக்காரர்கள், சுத்தமான ஆட்டுப்பால் என்று லேப் ரிப்போர்ட் வேண்டும், அதன் நகல் நேராகத் தங்களுக்கு வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தம்மா துளி பயமில்லாமல் ஒரு துண்டு சீஸைக் கொடுத்துவிட்டு, போகும்போது எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். நான் தின்றேன். நன்றாக இருந்தது.

மூன்று நாள் கழித்து வந்த முடிவை நான்தான் அடித்தேன். 'பசும்பால் கலந்துள்ளது.'

"என்னம்மா இது? எங்க வீட்டுல மாடே இல்லையே!" என்றார் ஜன்னலுக்கு வெளியே.

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க" என்றேன் நான். "மனுஷங்க பொய் சொல்வாங்க. மெஷின் பொய் சொல்லாது."

சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் என்று ஜன்னலைச் சாத்தினேன். இதை எழுதும்போது கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று இருந்ததா என்றால், இல்லை.

ஒரே வாரத்தில் ஏழு கடையும் அவர் சீஸை எடுத்து வெளியே வைத்துவிட்டன. கலப்படக்காரி என்று பேர் கட்டிவிட்டார்கள். பதினாலு ஆட்டுக்கும் இது தெரியாதே, அவை பாட்டுக்குக் காலையும் மாலையும் பால் கொடுத்தன. சீஸ் செய்து அடுக்கி அடுக்கி, வைக்க இடமில்லாமல் போயிற்று. இந்தப் பேர் மாறாவிட்டால் ஆடுகளை விற்பதைத் தவிர அந்தம்மாவுக்கு வேறு வழியில்லை.

திங்கட்கிழமை காலை அவர் லேபுக்கு மறுபடி வந்தார். தோளில் சீஸ் பை, கையில் கயிறு. கயிற்றின் முனையில் ஒரு வெள்ளாடு.

வாசலில் காவலாளி மறித்தார். "ஆட்டுக்கெல்லாம் அனுமதி இல்லைம்மா."

"எங்க எழுதியிருக்கு?"

காவலாளி சுவரெல்லாம் தேடிப்பார்த்தார். நாய்க்கு எழுதியிருந்தது, ஆட்டுக்கு எழுதவில்லை. அவர் விதிப்படி நடப்பவர். பார்வையாளர் நோட்டைத் திறந்து, "பேரு?" என்று கேட்டார்.

"மகாராணி."

"யாரைப் பாக்கணும்?"

"யாரைப் பாத்தாலும் சரி."

"வந்த காரணம்?"

"பால் கொடுக்க" என்றார் ஆட்டுக்காரம்மா. காவலாளி மூன்றையும் நிறுத்தி நிதானமாக எழுதி, பேருக்குப் பக்கத்தில் 'ஆடு' என்றும் குறித்துக்கொண்டு இருவரையும் உள்ளே விட்டார்.

"என் பேச்சைத்தான் நம்பலை. இது பேச்சையாவது கேளுங்க" என்று என் ஜன்னலுக்கு முன்னால் ஆட்டை நிறுத்தினார் அந்தம்மா. ஆடு ஜன்னல் வழியாகத் தலையை விட்டு என் ஸ்டிக்கர் சுருளில் பாதியைத் தின்றது. ஒரு ஸ்டிக்கர் அதன் தாடியில் ஒட்டிக்கொண்டது. 4417. கூச்சல் கேட்டு மேடம் வந்தார். நடந்ததைக் கேட்டார். ஆட்டைப் பார்த்தார்.

"எல்லாரும் பாக்கட்டும். இங்கயே கறங்கம்மா" என்றார்.

ஏழு பேர் சுற்றி நிற்க, வரவேற்பறையில் பால் கறக்கப்பட்டது. நான் பாட்டிலை நீட்டினேன். அந்தம்மாவின் கையும் ஆட்டின் மடியும் பாட்டிலும் தவிர நடுவில் வேறு எதுவும் வரவில்லை, அதற்கு ஏழு சாட்சி. மாமா பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். ஆடும் நின்றது. துளி வைத்தார், காயவைத்தார், பிளேட்டைத் தள்ளினார். மெஷின் காற்றை உறிஞ்சி முடித்துச் சுடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மாமா பேயறைந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"மேடம்... கொஞ்சம் பசு இருக்கு."

எல்லோரும் ஆட்டைப் பார்த்தோம். கொம்பைப் பார்த்தோம், தாடியைப் பார்த்தோம், தாடியில் இருந்த 4417-ஐப் பார்த்தோம்.

"இது ஆடுதானே? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார் காவலாளி. நோட்டில் அவர் ஆடு என்றுதான் எழுதியிருந்தார், அந்தக் கவலை அவருக்கு.

"மே" என்றது மகாராணி.

ஆட்டுக்காரம்மா சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்து ஆட்டின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, நீயுமா?" என்று கேட்டார். அவ்வளவு நேரம் நான் அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு போய்விட்டது. தன் கையால் கறந்த பாலை அவரே சந்தேகப்படும்படி நாங்கள் செய்துவிட்டோமே.

மேடம் உள்ளே போய்ப் பிளேட்டை எடுத்துப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். புதுப் பிளேட்டில் துளி வட்டத்துக்குள் முத்தாக நிற்கும். இதில் எல்லாம் வழிந்து பரவிக் கிடந்தது.

"வெறும் புள்ளி எங்க சார்?"

"வைக்கலை மேடம்."

"ஏன்?"

"ஒரு வட்டம் வீணாப் போகுமேன்னு..."

"இப்ப வைங்க" என்றார் மேடம்.

மாமா ஒரு காலி வட்டத்தில் வெறும் படிகத் திரவத்தை வைத்தார். பால் இல்லை, சீஸ் இல்லை, ஒன்றும் இல்லை. காய்ந்தது, உள்ளே போனது, லேசர் சுட்டது. திரையில் கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருந்து, ஓரிடத்தில் எழுந்து நின்றது. நான் டைப் அடிக்கிறவள்தான், ஆனால் அந்த இடம் எனக்கே தெரியும். பசு.

டம்ளருக்கு அடியில் இருந்த பிளேட், கம்பியில் ஆடிய பிளேட், மூன்றாவது தடவை எல்லாம் என் மண்டைக்குள் ஒன்றாக வந்து நின்றன. மாமா பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன். "மாமா, நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

லேபுக்குள் நான் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"கழுவினது மேடம்" என்றார். "மூணு வாரமா எல்லாமே கழுவினதுதான். நான் கழுவினா பேய் நிக்காதுன்னு நினைச்சேன். அந்தப் பூச்சுக்குள்ள போய் உக்காந்திருக்கும்னு தோணலை. தப்பு என் மேலதான்."

"புதுசெல்லாம் எங்க?"

மாமா அலமாரியைத் திறந்தார். கவர்கள் நேர்த்தியாக அடுக்கியிருந்தன. மேடம் ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார். எல்லாம் காலாவதி. கடைசி ஒன்றுக்கு மட்டும் இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"எதுக்கு சார் இப்படி வச்சிருந்தீங்க?"

"நல்ல சாம்பிள் வந்தா எடுக்கலாம்னு."

மேடம் ஆட்டுப்பால் பாட்டிலைச் சுட்டினார். "அந்தம்மாவோட பொழப்பு அதுக்குள்ள இருக்கு. இதைவிட நல்ல சாம்பிள் எங்கிருந்து சார் வரும்?"

மாமா கவரைப் பிரித்தார். புதுக் கவரைப் பிரிக்கும் சத்தம் அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை. துளி ஒவ்வொன்றும் முத்தாக விழுந்தது. கறந்த பால், ஃப்ரிட்ஜில் மீதி இருந்த பழைய சீஸ், அவற்றோடு வெறும் புள்ளி. வெறும் புள்ளியில் கோடு கடைசி வரை தட்டையாகவே போனது. பாலில் ஆடு. சீஸில் ஆடு. எங்கேயும் பசுவின் வாசனை கூட இல்லை.

மாமா அந்தப் பிளேட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சிவப்புத் தொட்டிக்குப் போனார். தொண்ணூற்று மூன்று வட்டம் தொடாமல் இருந்தது. ஒரே மிதி, போட்டார். மூன்று வாரத்து ரிப்போர்ட்டையும் திரும்பச் செய்ய வேண்டும், இனி மாமா போடும் ஒவ்வொரு பிளேட்டுக்கும் பக்கத்தில் நின்று நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார். அக்கா அன்று மாலையே வீட்டிலிருந்த பிளேட்டுகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பல வருஷத்துப் பாரம் இறங்கிய முகம் அவளுக்கு.

புது ரிப்போர்ட்டை அடித்து ஆட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன். படித்தார். சிரிக்கவில்லை.

"பேப்பர் குடுத்துட்டீங்க. ஏழு கடையிலயும் என்னைப் பேசினாங்களே, அதுக்கு என்ன பண்றது?"

"எல்லாருக்கும் லெட்டர் அனுப்பிடறோம்மா" என்றார் மேடம்.

"லெட்டரை யாரு படிப்பாங்க?"

மாமா கோட்டைக் கழற்றி மாட்டினார். "நான் வரேம்மா. ஒவ்வொரு கடையா வந்து நானே சொல்றேன்" என்றார். அவர் ஒரு விஷயத்தை இத்தனை சீக்கிரம் முடிவு செய்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். என் பங்கும் இருக்கிறதே என்று நானும் கிளம்பினேன். மகாராணி முன்னால் நடந்தது.

முதல் கடையில் மாமா லேசரிலிருந்து தொடங்கினார். படிகம், குழாய், கனம், பூச்சு என்று அவர் விளக்க விளக்கக் கடைக்காரர், "வேணாம் சார், எங்ககிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்றார். ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். இரண்டாம் கடையில் பேச்சு பாதியாகக் குறைந்தது. மூன்றாம் கடையில், "தப்பு என்னோடது. நான் கழுவக் கூடாததைக் கழுவிட்டேன். இந்தம்மா பால் சுத்தம்" என்று மூன்றே வரியில் வந்து நின்றது. நாலாம் கடையில் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். மாமா காது சிவக்க நின்று, சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, மறுபடி அதையே சொன்னார். ஐந்தாம் கடையில் ஆடு ஒரு துடைப்பத்தைத் தின்றது. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்.

ஏழாவது கடைக்காரர்தான் கலப்படக்காரி என்ற பேரை முதலில் கிளப்பியவர். எல்லாம் கேட்டுவிட்டுத் தாராள மனசோடு தலையாட்டினார்.

"அப்படியா சங்கதி! ஏம்மா, நீ அப்பவே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே" என்றார் ஆட்டுக்காரம்மா. குரல் உயரவில்லை. "மாடே இல்லைன்னு சொன்னேன். மெஷின் பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டீங்க."

கடைக்காரர் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினார். மாமா தரையைப் பார்த்தார். ஆறு கடையிலும் மாமா மட்டும் பேசப் பேச, நான் பாட்டுக்குச் சும்மா நின்றிருந்தேன். மாமா கழுவியது பிளேட்டை. ஒரு மனுஷி முகத்துக்கு நேராக ஜன்னலைச் சாத்தியது நான்.

"அதை முதல்ல சொன்னது நான்தாம்மா" என்றேன். "ஜன்னல்ல வச்சு."

"தெரியும்" என்றார் அவர். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பிடி" என்று சொல்லிவிட்டு, கடைக்குள் போய் அலமாரித் தட்டைத் துடைத்து, தோள் பையிலிருந்த தன் சீஸை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். அவர் அடுக்கி முடிக்கும் வரை நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன்.